கச்சானும் பிறையும்

அரசாங்க சேவையிலிருந்து வயது காரணமாக விலகியவரை 'இளைப்பாறியவர்' என்று கூறுவது இலங்கைத் தமிழில் நெடுங்கால வழக்கு. வெயிலில் நடந்து வந்த வழிப்போக்கன் மரநிழலிலே தங்கிக் களைப்பாறுவதைக் குறிக்கும் சொல் அது. 'ஓய்வூதியர்' என்னும் சொல் பின்னர் வந்து கந்தோர்க் கடிதங்களில் இடம்பிடித்துக்கொண்டது. ஊரார் வாயில் அவர் 'பென்சன்காரர்'. இம்மூன்றினுள்ளும் பழைய சொல்லே நிந்தவூருக்கு நன்கு பொருந்துவது. அவ்வூரில் வெயிலுக்குக் குறைவில்லை. நிழலின் அருமை அறியாதவரும் இல்லை.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், வடக்கே காரைதீவுக்கும் தெற்கே ஒலுவிலுக்கும் இடையில் அமைந்தது நிந்தவூர். கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இவ்விரண்டுக்கும் நடுவே, கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் செல்லும் பெருந்தெருவின் இருமருங்கும் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக் கடைசி தொடங்கித் தை வரையில் வாடைக் காற்றோடு வந்து பெய்துவிடும். வைகாசி முதல் ஆவணி வரை வீசுவது கச்சான். தென்மேற்கிலிருந்து கடலீரத்தைச் சுமந்து வரும் காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் நீரைப் பொழிந்துவிட்டு, கிழக்கே இறங்கும்போது வெறுங்காற்றாகிறது. இறங்க இறங்கச் சூடும் ஏறுகிறது. எந்தக் காற்றுக்கு நுவரெலியாவில் குடை பிடிக்கிறார்களோ, அதே காற்றுக்கு நிந்தவூரில் சன்னலைச் சாத்துகிறார்கள். வெப்பம் 35 பாகையைத் தொடும் நாட்கள் அப்பருவத்தில் பல.

இத்தகைய ஊரிலே இளைப்பாறி வாழும் ஆசிரியர் ஒருவரை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். 1953 இல் பிறந்தவர், அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவர், கணிதம் கற்பித்தவர், 2013 இல் அறுபது வயது நிறைந்து விலகியவர். பெயர் வேண்டியதில்லை. அவரைப் போன்றோர் அவ்வூரின் ஒவ்வொரு குறிச்சியிலும் இருக்கின்றனர்.

இளைப்பாறும்போது மொத்தமாகக் கைக்கு வந்த பணத்தை அவர் என்ன செய்தார் என்று கேட்டால், கிழக்குக் கரையின் முறை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அது வீடாகிவிட்டது. அப்பகுதி முஸ்லிம்களிடையே பெண்ணுக்கு வீடு கொடுப்பது பெற்றோர் கடன். மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். அயலிலுள்ள தமிழரிடையேயும் முறை பெரும்பாலும் இதுவே. இவ்வாசிரியருக்குப் பெண்மக்கள் மூவர். மூத்தவளுக்குத் தாமும் மனைவியும் வாழ்ந்த வீட்டையே எழுதிக் கொடுத்தார். இரண்டாமவளுக்குக் கடன்பட்டுக் கட்டினார். இளையவளின் வீட்டுக்குக் கூரை போட்டது இளைப்பாற்றுப் பணம். இப்போது அவ்வீட்டு விறாந்தையின் ஓரத்து அறை அவருக்கும் மனைவிக்கும் உரியது. ஹஜ்ஜுக்குப் போவதென்று நெடுநாளாக எண்ணி வைத்திருந்ததும் அந்தப் பணத்தைத்தான். இதைப் பற்றி அவர் ஒருவரிடமும் முறையிட்டதில்லை. மனைவி மட்டும், ஹஜ்ஜுக் காலத்தில் வானொலியிலே தல்பியா ஒலிக்கத் தொடங்கினால், ஏதோ வேலை இருப்பவர்போல அடுப்படிக்குள் போய்விடுவார்.

அவருடைய நாள் சுபஹுத் தொழுகையோடு தொடங்குகிறது. பள்ளிவாசலிலிருந்து வந்தவுடன் சீனியில்லாத பிளேன்ரீ. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை. அது முடிந்ததும் கடற்கரை. வாடை ஓய்ந்து கடல் அமைதியாகும் மாதங்களில் கரைவலைத் தோணிகள் வலை வளைத்திருக்கும். இருபுறமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிறு இழுப்பார்கள். அவர்களுள் சிலர் அவரிடம் வாய்பாடு படித்தவர்கள். 'சேர், கீரி வந்திருக்கு' என்று ஒருவன் பையை நீட்டுவான்; காசு வாங்க மறுப்பான். மறுநாள் அவனுடைய பிள்ளைக்கு அவர் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். இக்கொடுக்கல் வாங்கலுக்கு ஏடு கிடையாது.

முன்பு அவர் உட்காரும் இடமென்று தென்னையடி ஒன்று இருந்தது. 2013 இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டதன் பின் அதற்கு வடக்கேயுள்ள கரையைக் கடல் அரிக்கலாயிற்று. தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்து வந்த மணலைத் துறைமுகத்தின் கல்லணைகள் மறித்துக்கொண்டதே காரணம். நிந்தவூர்க் கரையிலும் தென்னைகள் வேரோடு சரிந்தன. இப்போது அவர் சற்றுப் பின்னால் உட்காருகிறார். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் அந்தக் கடல் என்ன செய்தது என்பதை அவர் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்வதில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்த நாள் அது. அவர் வகுப்பில் பெயர் கூப்பிட்ட இடாப்புகளிலும் அவர்களுட் சிலர் இருந்தனர்.

பத்து மணியளவில் விறாந்தைக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். விதவை ஒருவருக்குக் கணவரின் இளைப்பாற்றுச் சம்பளம் தொடர்பான படிவம் நிரப்ப வேண்டும். வயற்காரர் ஒருவருக்குச் சிங்களத்தில் வந்த கடிதத்தின் பொருள் தெரிய வேண்டும். இன்னொருவருக்குக் காணி உறுதியில் எல்லை மாறி எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு எல்லாவற்றையும் வாசிப்பார். உத்தியோகத்தில் இருந்தபோது கிடைத்ததைவிட இப்போதுதான் தமக்குக் கூடிய மரியாதை கிடைக்கிறதென்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை அவரும் ஒரு படிவத்தோடு கிராம உத்தியோகத்தரிடம் செல்ல வேண்டும். தாம் உயிரோடிருப்பதாக அத்தாட்சி பெறவேண்டும். அந்த உத்தியோகத்தரும் அவருடைய மாணவரே. 'சேர், நல்லா இருக்கீங்கதானே?' என்று எழுந்து நின்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவார். 2022 இல் நாட்டின் பணவீக்கம் எழுபது வீதத்தை எட்டியபோது, அந்தக் கையெழுத்தால் கிடைக்கும் சம்பளம் மருந்துக்கும் மாவுக்குமே சரியாகிவிட்டது.

நண்பகலில் ஊர் அடங்கிவிடும். ஒரு காலத்தில் கிடுகு வேலியும் ஓட்டுக் கூரையும் முற்றத்து வேம்பும் காற்றுக்கு வழிவிட்டு வெயிலுக்கு மறைப்பாக நின்றன. இன்று வளவுகள் பெண்மக்களுக்குப் பிரிந்து பிரிந்து சிறுத்துவிட்டன. மரம் நின்ற இடத்தில் மதிலும் தகரக் கூரையும் நிற்கின்றன. கச்சானைக் குறைகூறுவோர் இதையும் சேர்த்துக் கூறுவதே நியாயம். ஆசிரியர் சாய்மனைக் கதிரையை விறாந்தையின் கிழக்குப் பக்கத்துக்கு இழுத்துப் போட்டு, கொண்டற்காற்று கடலிலிருந்து எழும்வரை கண்ணயர்வார்.

வெப்ப பூமிகளில் முதியோர் வாழ்வு எங்கும் ஒரே சாயலாகத்தான் இருக்கிறது. மெக்சிக்கோ நாட்டின் யுக்காத்தான் குடாநாட்டிலே மெரிடா என்றொரு நகரம் உண்டு. அங்கே மழைக்கு முந்திய கோடையில் வெப்பம் நாற்பது பாகை வரை ஏறும். வீட்டுச் சுவர்களிலே கொக்கிகள் பதித்து, ஏணைபோன்ற வலைத்தொட்டில்களைக் கட்டி, பெரியவர்களும் அவற்றிலேயே உறங்குவர். வெயில் தாழ்ந்தபின் முதியவர்கள் சதுக்கத்துக்கு வந்து, இருவர் முகம்பார்த்து அமரத்தக்கதாக வளைத்துச் செய்த இருக்கைகளில் உட்கார்ந்து பேசுவர். இதுவரையில் நிந்தவூருக்கும் மெரிடாவுக்கும் வேற்றுமை அதிகமில்லை. வேற்றுமை விழாக்களில் இருக்கிறது. இறந்தோரை நினைக்கும் நாள் அங்கே நவம்பர் முதலிரு நாட்களில் வரும். நத்தாருக்கு முன்னான ஒன்பது இரவு விழா டிசம்பர் 16 இல் தொடங்கும். இளமையில் எந்தக் குளிரில் கொண்டாடினாரோ, முதுமையிலும் அதே குளிரில் கொண்டாடுவார். நிந்தவூர் ஆசிரியருக்கு அவ்வாறன்று.

அவர் இரண்டு நாட்காட்டிகளின்கீழ் வாழ்பவர். வயலும் காற்றும் கடலும் சூரியனின் கணக்கில் நடக்கின்றன. பெரும்போகம் மழையோடு விதைக்கப்பட்டு மாசி, பங்குனியில் அறுவடையாகும். சிறுபோகம் கல்லோயா நீரை நம்பிச் சித்திரையில் தொடங்கும். நோன்பும் பெருநாளும் சந்திரனின் கணக்கு. சந்திர ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். ஆதலால் றமழான் மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றிவருகிறது. மாரியில் வந்த நோன்பு கச்சானுக்குள் புகும். கச்சானில் வந்தது அறுவடைக்கு நகரும். கணித ஆசிரியருக்கு இதில் ஒரு தனி விருப்பம். சிலவேளை ஒரே ஆங்கில ஆண்டில் றமழான் இருமுறை தொடங்கும் என்பதை அவர் மாணவர்களுக்குச் சொல்லி வியக்க வைப்பார். 1965 இல் ஜனவரியிலும் டிசம்பரிலும் தொடங்கிற்று. 1997 இலும் அவ்வாறே. அடுத்தது 2030.

1965 இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. முதன்முதலாக முழுமாதமும் நோன்பு பிடித்தது அவ்வாண்டில்தான். வாடைக் காலம், மழை கூரையிலே கொட்டும், ஸஹருக்கு எழுப்பும் பாவாமார் சாக்கைத் தலையில் போர்த்துக்கொண்டு, றபானை நனையாமல் அணைத்தபடி, பாடிக்கொண்டு தெருவில் வருவார்கள். அந்த மாதத்தில் தாகம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. பசிமட்டும் தெரிந்தது, அதுவும் மாலையில் பள்ளிவாசற் கஞ்சியின் வாசனை எழும்போதுதான். தேங்காய்ப்பாலும் இறைச்சியும் இட்டுக் காய்ச்சிய அந்தக் கஞ்சியை வாளியில் வாங்கிக்கொண்டு சேற்றில் ஓடிய பிள்ளைகளுள் அவரும் ஒருவர்.

1983 இல் றமழான் ஜூன் மாதத்தில் வந்தது. அவருக்கு முப்பது வயது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை. ஆனால் வயலுக்கு விடுமுறை இல்லை. தகப்பனாரின் இரண்டேக்கரில் சிறுபோகப் பயிர் நின்றது. தண்ணீர் முறை பகலில் வந்தால் பகலிலேயே வாய்க்காலைத் திருப்பவேண்டும். முழங்காலளவு நீரில் நின்றுகொண்டு ஒரு மிடறும் குடியாதிருப்பது எத்தகைய அனுபவம் என்பதை நோற்றவரே அறிவர். வடதேசங்களில் வாழ்வோர் நோன்பைப் பேசும்போது பகலின் நீளத்தைப் பேசுவர். இலண்டனில் ஜூன் நோன்பு பதினெட்டு மணித்தியாலத்தையும் கடக்கும். நிந்தவூரில் மிகக் குறுகிய நோன்புக்கும் மிக நீண்டதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணித்தியாலந்தான் வித்தியாசம். அங்கே நோன்பை அளப்பது கடிகாரமன்று, கச்சான்.

அதே கச்சான் நோன்பு இரண்டாம் முறை வந்தபோது அவர் இளைப்பாறியிருந்தார். தண்ணீர் திருப்ப வேண்டியதில்லை, நிழலில் இருக்கலாம். ஆயினும் உடல் மாறிவிட்டது. நீரிழிவு வந்து சில ஆண்டுகளாகியிருந்தன. 2015 இல் பதினெட்டாம் நோன்பன்று அஸருக்குச் செல்லும் வழியில் மயங்கி விழுந்தார். மறுவருடம் றமழானுக்கு முன்னரே வைத்தியர் கண்டிப்பாகக் கூறிவிட்டார்: இவ்வெக்கையில் நோன்பு கூடாது.

முதுமையாலும் தீராப்பிணியாலும் நோற்க இயலாதவர் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம் என்பது மார்க்கச் சட்டம். அதை அவர் நன்கறிவார். பிறருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் பிறருக்குச் சொல்வது எளிது. ஐம்பது ஆண்டுகளாக ஒரு றமழானும் தவறாத மனிதர், ஊர் முழுவதும் அடுப்பணைந்து கிடக்கும் நண்பகலில், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மருந்துக்காகச் சோறு உண்ணவேண்டியிருந்தது. மனைவி கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய் நிற்பார். முதல் ஒரு வாரம் அவர் யாரோடும் அதிகம் பேசவில்லை. அஸருக்குப் பின் நண்பர்கள் கூடும் இடத்துக்கும் போகவில்லை.

ஒருநாள் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. ஏழு வயதுப் பேரன், அரைநாள் நோன்பு பிடித்திருந்தவன், தலையை நீட்டிவிட்டான்.

'மூத்தப்பா, நீங்க நோன்பில்லையா?'

அவர் தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். 'மருந்து குடிக்கிற ஆக்களுக்கு அல்லாஹ் லீவு தந்திருக்கான், மகன்.'

'எனக்கும் தருவானா?'

'உனக்கு இப்ப அரைநாள் பள்ளிக்கூடந்தானே. போ, லுஹர் வரைக்கும் பொறு.'

பேரன் போய் வீடெங்கும் அதை அறிவித்தான். மாலைக்குள் அடுத்த வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் ஒன்றும் நிகழவில்லை. நண்பர்களுள் இருவர் தாமும் இரண்டாண்டுகளாக நோற்பதில்லை என்று தணிந்த குரலில் கூறினர். மருந்து உண்ணும் முதியோர் நோன்பைப் பற்றி வைத்தியரிடம் முன்கூட்டியே பேசவேண்டும் என்று வானொலியிலும் பள்ளிவாசலிலும் பன்முறை கூறப்படுகிறது. கேட்கத் தடையாயிருப்பது அறியாமையன்று, கூச்சமே.

அந்த ஆண்டுகளில் இன்னொன்றும் நேர்ந்தது. விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு அடுத்த ஊர். அங்கே கண்ணகை அம்மனுக்கு வைகாசித் திங்களில் குளிர்த்தி நிகழும். மதுரையை எரித்த சீற்றம் தணியுமாறு அம்மனைக் குளிர்விக்கும் சடங்கு அது. கோடை உச்சத்தில் வருவது அதற்குப் பொருத்தமே. 2017 இலும் 2018 இலும் நோன்பும் குளிர்த்தியும் ஒரே வெக்கையில் வந்து சேர்ந்தன. ஆசிரியரோடு கற்பித்த காரைதீவு நண்பர் ஒருவர் ஒவ்வொரு குளிர்த்திக்கும் பழம் கொண்டுவருவது வழக்கம். அவ்விரு ஆண்டுகளிலும் அவர் மஃரிப் வரை காத்திருந்து, நோன்பு திறக்கும் நேரத்தில் தட்டோடு வந்தார். ஆசிரியர் நோன்பில்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நேரத்திலேயே வந்தார்.

பெருநாளைப் பற்றிக் கூற அதிகமில்லை. அது எப்பருவத்தில் வந்தாலும் பிள்ளைகளுடையது. வட்டிலப்பம் முதல்நாளிரவே அவிந்துவிடும். காலையில் பித்ரா அரிசி உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தொழுகை முடிந்து வந்ததும் ஆசிரியர் புதுத்தாள்களாக மாற்றி வைத்திருந்த பெருநாட் காசைப் பேரப்பிள்ளைகளுக்கு வயது வரிசையில் கொடுப்பார். பின்னர் மூன்று பெண்மக்களின் வீடுகளிலும் ஒவ்வொரு வாய் உண்ணவேண்டும். எந்த வீட்டில் குறைந்தாலும் வழக்கு வரும். மாலையில் ஊர் முழுவதும் கடற்கரையில் இருக்கும்.

றமழான் நகர்ந்துகொண்டே வந்து 2025 இல் மாசிக் கடைசியை அடைந்தது. பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. காலைவேளையில் இன்னும் குளிர்மை இருந்தது. ஆசிரியர் இரண்டு மாதம் முன்னதாகவே வைத்தியரிடம் சென்று கேட்டார். வைத்தியர் இரத்தத்தைப் பரிசோதித்து, மருந்து நேரங்களை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றி எழுதி, ஒன்றுவிட்டொரு நாள் முயன்று பார்க்கலாம், தலை சுற்றினால் அந்த நிமிடமே திறந்துவிட வேண்டும் என்று நிபந்தனையோடு இணங்கினார்.

'இஞ்சேருங்க, தலை சுத்தினா மறைக்கப்படாது' என்று மனைவியும் தம் நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டார்.

பெப்ரவரி 28 ஆம் திகதி மாலை பிறை பார்க்கும் நாள். நிந்தவூரிலே பிறை பார்ப்பவர் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். முழுநிலவு கடலிலிருந்து எழும். தலைப்பிறையோ வயலுக்கு மேலேதான் தோன்றும். ஆசிரியர் எட்டு வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு மேற்கே வயலோரத்துக்குச் சென்றார். அறுவடை இயந்திரம் ஒன்று வேலையை நிறுத்திவிட்டு நின்றது. சாரதியும் கீழே இறங்கி மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் விழுந்த இடத்துக்குச் சற்று மேலே பார்க்கும்படி பேத்திக்குக் கையை நீட்டிக் காட்டினார். அவருடைய கண்ணுக்கு அது எட்டாது, அவளுக்கு எட்டலாம். அவளுக்கும் தெரியவில்லை. இருட்டும்வரை நின்று திரும்பினார்கள். நாட்டில் எங்குமே பிறை தென்படவில்லை என்றும், நோன்பு மார்ச் 2 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் என்றும் அன்றிரவு அறிவிப்பு வந்தது. பேத்திக்கு ஏமாற்றம். ஆசிரியர் மருந்துக் கடதாசியில் எழுதியிருந்த திகதிகளை அழித்து, ஒவ்வொரு நாள் தள்ளி எழுதினார்.

அவ்வாண்டு நோன்பு இருபத்தொன்பது நாள். சுவர் நாட்காட்டியிலே, அவர் பிடித்த நாட்களுக்குப் பென்சிலால் சிறு கோடு இட்டிருந்தார். பதினொரு கோடுகள். மிகுதிப் பதினெட்டு நாட்களுக்குரிய உணவும் அடுத்த தெருவிலுள்ள ஒரு வீட்டுக்கு நாள்தோறும் பகலிலேயே போய்ச் சேர்ந்தது. அதைக் கொண்டுபோனவன், முன்பு கதவிடுக்கில் எட்டிப்பார்த்த அந்தப் பேரன். இப்போது பதினாறு வயது, முழு நோன்பாளி. நாட்காட்டியை ஆண்டு முடிந்தும் அவர் கழற்றவில்லை. அதன் பின்புறத்தில் 1965, 1997, 2030 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் தம் வயதையும் குறித்திருக்கிறார்: 12, 44, 77.